முக்கிய அறிவிப்பாகப் போன கனவு

பெயர்: அடையாள அட்டையில் உள்ளபடி. தெருவில் மாடிப்பாட்டி என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.
வயது: எழுபத்துநான்கு.
படிப்பு: ஐந்தாம் வகுப்பு, தேர்ச்சி.
தொழில்: முன்பு சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன்.
முகவரி: மேட்டுத்தெருவும் கீழ்த்தெருவும் சேரும் முனை, கடிகாரக் கடைக்கு மேல் மாடி.

நான் மேற்படி முகவரியில் என் கடைசிப் பேத்தியுடன் வசித்து வருகிறேன். எனக்குப் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர். மூத்த பேரன் கப்பலில் எஞ்சின் பொறியாளர். அவன் கை வைத்தால் நின்றுபோன எஞ்சின்கூடத் தும்மிக்கொண்டு எழுந்துவிடும் என்று கேப்டன் சொன்னதாக அவனே என்னிடம் சொன்னான். இரண்டாவது பேத்தி பல் டாக்டர். என் பல்செட் அவள் செய்ததுதான், இப்போதும் போட்டிருக்கிறேன், இந்த வாக்குமூலம் முழுவதும் அதைக்கொண்டுதான் சொல்கிறேன். மூன்றாவது பேரன் நீச்சலில் கோப்பை வாங்கியவன். நான்காவது பேத்தி பாலம் கட்டுகிறாள். அவள் கட்டிய பாலத்தில் நானே பஸ்ஸில் போயிருக்கிறேன், ஆடவில்லை. கொள்ளுப்பேரன் ஒருவன் தவழாமலே நேராக நடந்தான். எழுதிக்கொண்டிருந்த காவலர், "பாட்டி, கேஸுக்கு வாங்க" என்றார். "வந்துக்கிட்டுதான் இருக்கேன் தம்பி" என்றேன். ஐந்தாவது பேத்திதான் கேஸ்.

மேற்படி ஐந்தாவது பேத்தி குடிநீர் அலுவலகத்தில் அறிவிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள். எந்தத் தெருவில் தண்ணீர் எப்போது நிற்கும், எப்போது திரும்ப வரும் என்று ஊர் மக்களுக்கு மெயில் அனுப்புவது அவள் பொறுப்பு. அதற்கான புரோகிராமை அவளே எழுதினாள். அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. யாருக்கு, என்ன தலைப்பு, என்ன செய்தி என்று அந்த வரியிலேயே அடித்து என்டரைத் தட்டினால் மெயில் போய்விடும். போவது நேராகப் போகாது. "நம்ம வீட்டுல இருந்து நேரா அனுப்பினா யாரு எவருன்னு தெரியாம குப்பையில தள்ளிடுவாங்க பாட்டி. அதனால எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கம்பெனிகிட்ட குடுத்து விடறோம். அவங்க கொண்டுபோனா கதவு திறக்கும்" என்று எனக்கு விளங்கச் சொன்னாள். அந்தக் கம்பெனிக்கு நம் முகம் தெரியாது, சாவி மட்டும்தான் தெரியும். சாவி என்றால் நீளமான ஒரு எழுத்துக்கூட்டம். வீட்டு மெயிலுக்கு அவளுடைய சொந்தச் சாவி, அலுவலக மெயிலுக்கு அலுவலகச் சாவி. எந்தச் சாவியைக் காட்டுகிறோமோ அந்தப் பெயரில் மெயில் போகும். கொடுத்து அனுப்பிய பிறகு திரும்பக் கூப்பிட முடியுமா என்று அப்போதே கேட்டேன். "வாயில இருந்து போன வார்த்தை மாதிரிதான் பாட்டி" என்றாள்.

வீட்டில் அந்தப் புரோகிராம் எதற்கு என்று ஆய்வாளர் ஐயா கேட்டதால் சொல்கிறேன். என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திசைக்கு ஒருவராக இருக்கிறார்கள். இங்கே விடியும்போது ஒருவனுக்கு அந்தி, இன்னொருத்திக்கு உச்சிவெயில். போனில் பேசினால் எல்லோரும் "நல்லா இருக்கேன்" என்பார்கள், நானும் "நல்லா இருக்கேன்" என்பேன், அதன் பிறகு இரண்டு பக்கமும் பேச ஒன்றும் இருக்காது. ஒரு நாள் காலையில் நான் கண்ட கனவைப் பேத்தியிடம் சொன்னேன். "இதை எல்லாருக்கும் அனுப்புங்க பாட்டி. கனவுல யாரும் நல்லா இருக்கேன்னு பொய் சொல்ல முடியாது" என்றாள். அன்றிலிருந்து தினமும் விழித்ததும் பல் தேய்க்கும் முன்பே என் கனவை அனுப்பிவருகிறேன். போனில் என் விரல் ஒன்றைத் தொட்டால் அது வேறொன்றைத் திறக்கும், நடுவில் செருப்பு விளம்பரம் வரும். கறுப்புத் திரையில் ஒன்றும் துள்ளாது. கண்ணை மூடியது போலவே இருக்கும். அதனால் பாதித் தூக்கத்திலும் என்னால் எழுத முடிந்தது.

வரி முழுவதையும் நான் அடிப்பதில்லை. முன்பாதி ஆங்கில எழுத்து, அது எனக்குத் தெரியாது. பேத்தி சொல்லிக்கொடுத்தது இதுதான்: மேல்நோக்கிய அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினால் கடைசியாக அனுப்பிய வரி அப்படியே திரும்பி வரும். வரியின் கடைசியில் கொம்பு போன்ற மேற்கோள் குறிகளுக்கு நடுவில் நேற்றைய கனவு இருக்கும். அதைப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டே போய்த் திறக்கிற கொம்பில் நின்று, இன்றைய கனவை எழுதி, மூடுகிற கொம்பைப் போட வேண்டும். மூடாமல் என்டர் தட்டினால் அது அனுப்பாது, வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். முடிச்சுப் போடாத நூல் உருவிக்கொண்டு வருமே, அது போல. காஜா எடுத்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்றும் சொன்னாள்: "இப்ப நடக்கிற மாதிரியே எழுதுங்க பாட்டி, அப்பதான் படிக்கிறவங்களும் உள்ள வருவாங்க." அப்படித்தான் எழுதினேன். உள்ளே வந்துவிட்டார்கள்.

சென்ற புதன்கிழமை பேத்திக்குக் காய்ச்சல். போர்வைக்குள் படுத்திருந்தாள். மதியம் அவளுடைய மேலதிகாரி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "கீழ்த்தெருவுக்கு நாளைக்குத் தண்ணி கிடையாது, தொட்டி கழுவுறாங்க. வீட்டுல இருந்தே ஒரு மெயில் தட்டி விட்டுடும்மா" என்றார். அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்று அவர் இப்போது கூறுவதாக அறிகிறேன். வரும். எழுபத்துநான்கில் எனக்கே நினைவு வருகிறது. அதன் பிறகு பேத்தி எழுந்து, அதே கம்ப்யூட்டரில், அதே கறுப்புத் திரையில் அலுவலக மெயிலை அனுப்பிவிட்டு, திரையை மூடாமல் போய்ப் படுத்துவிட்டாள். மூடாதது அவள் தவறு, அதை நான் மறைக்கவில்லை. காய்ச்சலில் கண்ணைத் திறந்துவைத்திருந்ததே பெரிது.

மறுநாள் வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. விடிந்ததும் நான் எழும் முன்பே அலுவலகம் போய்விட்டாள். அதன் பிறகு நான் விழித்தேன். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், எதிர்வீடுகூடத் தெரியவில்லை. கனவு இன்னும் கையில் ஈரமாக இருந்தது. ஆறிவிடும் முன் எழுதிவிட வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அம்புக்குறியை அழுத்தினேன். வந்த வரியை அழித்தேன். அழிக்கும்போது அதில் தொட்டி என்றோ கழுவுதல் என்றோ எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. நேற்றைய கனவைப் படித்தால் இன்றையது கலங்கிவிடும் என்று எப்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் அழிப்பேன். அதற்கு முன்னால் உள்ள கொம்புகளுக்குள் தலைப்பு இருக்கும். எங்கள் வரியில் அது "கனவு". அன்று அது "முக்கிய அறிவிப்பு: கீழ்த்தெரு". முன்பாதியில் இருந்ததும் அலுவலகச் சாவியும் கீழ்த்தெருக்காரர்களின் மெயில் பட்டியலும்தான். அந்தப் பக்கம் நான் பார்ப்பதே இல்லை. சொந்த வீட்டுக்குள் போகிறவள் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டா போவாள்? அதன் பிறகு நான் எழுதியது, ஆய்வாளர் ஐயாவிடம் உள்ளபடியே:

"தண்ணீர் வருகிறது. சத்தமே இல்லாமல் பூனை மாதிரி வருகிறது. தலையணையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். கதவைப் பூட்ட வேண்டாம். பயப்பட ஒன்றும் இல்லை. தாத்தா முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்."

மூடுகிற கொம்பைப் போட்டு என்டரைத் தட்டினேன். வழக்கமாக, எத்தனை பேருக்குப் போனது என்று ஒற்றை எண் வரும். அன்று நீளமாக ஒரு எண் வந்தது. யாரோ போன் செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு காபி போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். கீழ்த்தெருவிலிருந்து பனிமூட்டத்துக்குள் ஒரு தலையணை வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். அதன் பிறகு இன்னும் தலையணைகள், பூப்போட்டவை, கோடு போட்டவை, உறை கழன்றவை, அவற்றைக் கட்டிக்கொண்டு ஆட்கள், யாரும் சத்தம் போடாமல், செருப்புச் சத்தம்கூட ஈரத்தில் அமுங்கி, மேட்டுத்தெருவில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன் தூங்குகிற குழந்தையைத் தலையணையோடு சேர்த்தே தோளில் போட்டிருந்தார். என் கனவில் பார்த்ததும் இதே நடை, இதே வெளிச்சம். ஆகவே நான் இன்னும் விழிக்கவில்லை, விழித்ததாகக் கனவு கண்டிருக்கிறேன் என்று முடிவு செய்தேன். காபி ஆறட்டும் என்று வைத்துவிட்டு, என் தலையணையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டாமல், நானும் இறங்கி அவர்களோடு நடந்தேன். இறந்துபோன என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் படியேற விடாமல் பார்த்துக்கொண்டவர். அவர் முன்னால் நடப்பாரே என்று கூட்டத்தில் தேடினேன். மூட்டத்துக்குள் முன்னால் போகிற முதுகெல்லாம் அவர் முதுகாகவே இருந்தது.

மேட்டில் உள்ள பூங்காவில் புல்லின் மேல் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சிலர் தலையணையைப் போட்டுப் படுத்தும் விட்டார்கள். முடிதிருத்துபவர் போனைப் பார்த்து உரக்கப் படித்தார். முந்தின நாள்தான் தொட்டி கழுவுவதாக மெயில் வந்திருக்கிறது, இன்று தண்ணீர் வருகிறது என்று வந்திருக்கிறது, தொட்டியைத் திறந்துவிட்டார்கள் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

"யாருய்யா அந்தத் தாத்தா?"

"வால்வு திறக்கிறவரா இருக்கும். எதுன்னாலும் அவருதான் முதல்ல ஓடுவாரு."

"தலையணை எதுக்காம்?" என்று முடிதிருத்துபவரின் மனைவி கேட்டார்.

"ஆபீஸ் சொன்னா காரணம் இருக்கும்டி."

"நான் கேட்டா எழுந்து தண்ணி மோந்து குடுக்க மாட்டீங்க. ஆபீஸ் கேட்டா தலையணையோட மலை ஏறுறீங்க."

அவர் மறுபடியும் படித்தார். பூனை மாதிரி என்ற இடம் வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். என் வாயிலிருந்து வர வேண்டியது அடுத்தவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டேன். "அது என் கனவு" என்று சொன்னேன். "எங்களுக்கும் கனவு மாதிரிதான் பாட்டி இருக்கு. உக்காருங்க, ஈரம் பாத்து" என்று இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, நம்பத்தான் ஆளில்லை.

அதன் பிறகு என் பேத்தி அலுவலக அட்டை கழுத்தில் ஆட ஓடி வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், தலையணைகளைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். குனிந்து, "பாட்டி, மேல் அம்பை அழுத்தினீங்களா?" என்று காதில் கேட்டாள். "தினமும் அழுத்துறதைத்தான் அழுத்தினேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். தலையை நிமிர்த்தியபோது கீழ்த்தெருப் பக்கம் புகை எழுவது தெரிந்தது. பனிமூட்டம் வெள்ளை, புகை கறுப்பு, இரண்டும் கலக்காமல் நின்றன.

அது ரொட்டிக்கடை. கடைக்காரர் அடுப்பில் ரொட்டியை வைத்தபடியே, கதவைப் பூட்ட வேண்டாம் என்று படித்ததால் பூட்டாமல் வந்திருக்கிறார். காற்று உள்ளே புகுந்து ஊதிவிட்டது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் பரணும் அதிலிருந்த மாவு மூட்டைகளும் எரிந்துபோயின. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புகார் கொடுத்தவர் அவர்தான், கொடுத்தது நியாயம். இருபது வருஷமாக அவர் ரொட்டியைத்தான் நான் காபியில் நனைத்துச் சாப்பிடுகிறேன்.

அன்று மேட்டிலிருந்து இறங்கும்போது பேத்தி, "யார் கேட்டாலும் நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். ரொட்டிக்கடையைப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இந்த நிலையத்துக்கு வந்து, விளையாட்டாக மெயிலை அனுப்பியது தானே என்று எழுதிக் கொடுத்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அலுவலக வாசல் பலகையில் அவள் படத்தை ஒட்டி, கீழே, இந்த நபருடன் அலுவலகம் தொடர்பாக யாரும் தொடர்பு வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். நேற்று அந்த வழியாகப் போகும்போது நானே படித்தேன். வேண்டுமென்றே பீதி கிளப்பியதாக வழக்கு முடிந்தால், இனி எந்த ஆபீஸும் எந்தச் சாவியையும் அவள் கையில் நம்பித் தராது என்று கடிகாரக் கடைக்காரர் சொன்னார். அதைக் கேட்ட பிறகே இன்று காலை யாரும் அழைக்காமல் நானாக இங்கே வந்தேன்.

ஆய்வாளர் ஐயா முதலில் நம்பவில்லை. "பேத்தியைக் காப்பாத்த வந்திருக்கீங்க, புரியுது. அஞ்சாவது படிச்சவங்க இதையெல்லாம் ஓட்ட முடியுமா?" என்றார். "ஐயா, அது ஒரே வரி. அஞ்சாவதுல நாங்க பக்கம் பக்கமா எழுதினோம்" என்றேன். அதன் பிறகு, வியாழக்கிழமையே இங்கே எடுத்துவந்து வைத்திருக்கும் எங்கள் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னேன். திரையை என் பக்கம் திருப்ப வேண்டாம், நான் என் கனவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சொல்கிறேன், சொன்ன பிறகு அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள் என்றேன். ஐயா அழுத்தினார். முதலில் தலையணைக் கனவு. அதற்கு மேலே தொட்டி கழுவும் அறிவிப்பு. அதற்கும் மேலே புதன்கிழமைக் கனவு என்னவென்று நான் சொன்னேன்: "மூத்த பேரன் கப்பலை எங்கள் குளியலறையில் நிறுத்தியிருக்கிறான். குளிக்க வழியில்லை. சங்கு ஊதாதே, கடிகாரக் கடைக்காரர் திட்டுவார் என்கிறேன்." ஐயா அழுத்தினார். அதுவேதான் வந்தது.

அதற்கு முந்தியது: "வீட்டுக்காரர் லிஃப்டைச் சரி செய்துவிட்டார். ஆனால் அது பக்கவாட்டில் போகிறது. ஊர் ஊராக நிற்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிள்ளை ஏறிக்கொள்கிறது. இடம் குறையவே இல்லை." அழுத்தினார், வந்தது. எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை நிறுத்திவிட்டு, "அப்புறம் எங்க பாட்டி இறங்கினாங்க?" என்று கேட்டார். யாரும் இறங்கவில்லை என்று சொன்னேன். அடுத்த அறையிலிருந்தும் இரண்டு காவலர்கள் வந்து கதவருகே நின்றார்கள். போன் அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

அதற்கு முந்தியதைச் சொல்லும் முன் பல்செட்டை ஒரு தடவை அழுத்தி வைத்துக்கொண்டேன்: "ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். டீச்சர் என் கடைசிப் பேத்தி. ஆறாம் வகுப்பு எந்தப் பக்கம் என்று கேட்கிறேன். கறுப்புப் பலகையைக் காட்டுகிறாள். தொடுகிறேன், அது கதவு மாதிரி உள்ளே போகிறது." ஐயா அழுத்தினார். அதுவும் வந்தது. அதன் பிறகு, "போதும் பாட்டி" என்றார். எனக்கு இன்னும் நிறைய இருந்தது.

அதன் பிறகு பேத்தியை வரவழைத்து, "ஏம்மா பொய் எழுதிக் குடுத்த?" என்று ஐயா கேட்டார்.

"பாட்டி கனவைப் பத்தி எல்லார் முன்னாடியும் குறுக்குக் கேள்வி கேப்பீங்க சார். அப்புறம் பயந்து கனவே காண மாட்டாங்க."

"நிறுத்தறதுக்கு அது என்ன உன் குழாயா?" என்று நான் கேட்டேன். காவலர்கள் சிரித்தார்கள். பேத்தி சிரிக்கவில்லை, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்ன வயதில் நிற்பது போல.

ஆகவே மேற்படி மெயிலை எழுதியவள் நான், அனுப்பியவள் நான். யாரையும் பயமுறுத்த எழுதவில்லை, பயப்பட ஒன்றும் இல்லை என்றுதான் அதிலேயே எழுதியிருக்கிறேன். ரொட்டிக்கடைப் பரணுக்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்வேன். என்னை எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன், காலையில் விழித்ததும் எழுத ஒரு தாள் மட்டும் கொடுத்தால் போதும். பேத்தி எழுதிக் கொடுத்ததை ரத்து செய்து, அவளை வேலைக்குத் திரும்ப விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியிருப்பவை நான் சொன்னவை, நான் சொன்னவை நடந்தவை. இதில் கனவு என்று குறித்தவை மட்டும் கனவு, அவையும் நான் கண்டபடியே உள்ளன. காவலர் படித்துக் காட்டினார். அதன் பிறகு நானும் எழுத்துக்கூட்டி ஒரு தடவை படித்துப் பார்த்து, கைரேகைக்கு வைத்திருந்த மை டப்பியை அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, என் கையாலேயே கையொப்பம் இடுகிறேன்.

(கையொப்பம்)

கையொப்பத்துக்குப் பிறகு சொன்னது, என் வேண்டுகோளின்படி சேர்த்து எழுதப்பட்டது:

இத்துடன் என் பேத்தியின் புதுப் படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். அலுவலக வாசலில் ஒட்டியிருப்பது அவளுடைய அட்டைப் படம், கண் பாதி மூடி, தூக்கத்தில் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியது போல இருக்கிறாள். இது எங்கள் மொட்டைமாடியில் எடுத்தது. காற்றில் முடி பறக்கிறது, நான் ஏதோ சொன்னதற்குச் சிரிக்கிறாள், எல்லாப் பல்லும் தெரிகிறது, எல்லாம் சொந்தப் பல். படத்துக்குக் கீழே உள்ள எழுத்தை அழிப்பது உங்கள் விசாரணையைப் பொறுத்தது. படத்தை மாற்ற எந்த விசாரணையும் வேண்டியதில்லை. ஆகவே இதை இன்றே அங்கே அனுப்பி, பழையதைக் கிழிக்காமல் எடுத்துவிட்டு, இதை ஒட்டச் சொல்லவும். நான்கு மூலையிலும் பசை வைக்க வேண்டும். அந்த வாசலில் காற்று அதிகம்.